நொச்சிமேட்டு மாப்பிள்ளை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் தேடியிருக்கிறீர்கள். உடம்பு சரியில்லையா? ஊரில் இல்லையா? எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் என் மைத்துனர். அவரை விட்டுவிடுவோம்.

நான் வராததற்குக் காரணம் என் இடுப்பு.

இடுப்புக்குக் காரணம் ஒரு ரோடு.

அந்த ரோட்டில் நான் போனதற்குக் காரணம் ஒரு கல்யாணம் – மாப்பிள்ளை வராத கல்யாணம். எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், சண்டைகூடப் பிடித்திருக்கிறேன். ஆனால் இப்படி வயிறு வலிக்கச் சிரித்த கல்யாணம் இன்னொன்று இல்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே தள்ளி நொச்சிமேடு. எனக்காக ஒரு மாட்டுவண்டி காத்திருந்தது. ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "கெட்டியாப் புடிச்சுக்குங்க சாமி" என்றார். சும்மா உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உபசாரமில்லை... எச்சரிக்கை!

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. என் தலை வண்டிக் கூண்டில் இடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ரோடு எப்போது வரும்?" என்று கேட்டேன்.

அவர் மாட்டை நிறுத்தினார். என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்.

"நாம அதுலதானுங்க போயிட்டிருக்கறம்" என்றார்.

அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்ற பயம்தான்.

நொச்சிமேட்டுச் சந்தைத் திடலில் காசிம் பாய் கம்பெனி டெண்ட் போட்டிருந்தது. காசிம் பாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். சேலம் கடைவீதியில் அத்தர், ஊதுபத்தி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவர். வாடிக்கைக்காரர் வந்து நின்றாலும் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுக்க மாட்டார். கடைசியில் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஹார்மோனியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு நாடகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். தம்பி பிழைத்தார். நாமும் பிழைத்தோம்.

இந்தக் கம்பெனியின் நாடகத்தில் ராஜா கிடையாது, ராணி கிடையாது, காட்டுக்குப் போவது கிடையாது. எல்லாம் பாட்டு, எல்லாம் சிரிப்பு, எல்லாம் அன்றாட அரசியல்! ஓட்டுப் போடுகிற அன்று காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, போட்ட பிறகு நடந்து போகச் சொன்ன கதையைப் பாட்டாகப் பாடுவார்கள். வரி வாங்குகிறவர், மனு வாங்குகிறவர், மாலை வாங்குகிறவர் எல்லாருக்கும் தனித்தனியாக ஒரு மெட்டு உண்டு.

இவர்கள் வேலை செய்கிற விதமே அலாதி. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சங்கதியைத்தான் பாடுவார்கள். டெண்ட் கம்பம் நடுகிற நேரத்தில் கம்பெனியின் பபூன் மாரப்பன் ஊருக்குள் போய்விடுவார். அம்மாபேட்டைத் தறிக்காரர். ஒல்லி உடம்பு, பெரிய காது. காபிக் கடையில் உட்காருவார், கிணற்று மேட்டில் நிற்பார், சந்தையில் வெங்காயம் விலை கேட்பார். வெங்காயம் வாங்க மாட்டார். ஊர்க்காரர்கள் எதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவார். அவ்வளவுதான். அது பாட்டாகிவிடும்.

நொச்சிமேட்டில் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஊரே ஒரே விஷயத்துக்குத்தான் பெருமூச்சு விட்டது. ரோடு.

மாரப்பன் அதைக் கல்யாணமாக்கிவிட்டார். நொச்சிமேடுதான் பெண். ரோடுதான் மாப்பிள்ளை. முகூர்த்தம் குறித்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று, பெண் முக்காடு போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை மட்டும் வந்து சேரவில்லை!

நாடகமும் பகல் நாடகம். சாயங்காலம் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன். இருட்டினால் அந்த ரோட்டில் யாரும் வீடு போய்ச் சேர முடியாதாம்.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே... பிறகென்ன?

நான் போய்ச் சேர்ந்தபோது காசிம் பாய் டெண்டுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. வைகாசி வெயிலில்!

விஷயம் இதுதான். அந்தச் சந்தைத் திடல் ஜில்லா போர்டுத் திடல். போர்டு என்றால் அந்தப் பக்கத்துக்கு ஒரே ஆள்தான் – ஜில்லா போர்டு மெம்பர் நல்லசாமிக் கவுண்டர். தோட்டம், துரவு, நாலு ஜோடி மாடு, முன்கோபம் எல்லாம் உள்ளவர். ரோடு போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவரும் அவரேதான்.

புது ஊருக்குப் போனால் திடலுக்கு உடையவர் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து முதல் ஆட்டத்துக்கு அழைப்பது காசிம் பாயின் வழக்கம். மரியாதை தெரிந்த மனிதர். அந்தப் பழக்கத்தில் நேரே மெம்பர் வீட்டுக்கே போய்த் தட்டை நீட்டிவிட்டார். மாரப்பன் ஊருக்குள் என்ன பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மெம்பர் வீட்டில் இல்லை. அவர் சம்சாரம் பாவாயி அம்மாள்தான் வெளியே வந்தார். என்ன நாடகம் என்று கேட்டார். எந்த ஊர்ச் சங்கதியையும் மாரப்பன் கல்யாணமாகத்தானே கட்டுவார் என்று பாயும் கல்யாண நாடகம் என்றே சொல்லிவிட்டார். கல்யாணமா, அப்படியானால் வராமல் இருக்க முடியுமா என்று சொல்லி, பாவாயி அம்மாள் வெற்றிலையை எடுத்துக்கொண்டுவிட்டார்.

எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டதுதான்! நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் அழைப்புக்குத் தலையாட்டிவிட்டு, வேலை வந்துவிட்டது என்று சமாளித்துவிடலாம். நாமக்கல் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அது நடக்காது. வெற்றிலையைக் கையில் வாங்கினால் புருஷனும் பெண்சாதியுமாகப் போக வேண்டும். போனால் முடிகிறவரை இருக்க வேண்டும். பாதியில் எழுந்து வருவது பங்காளிச் சண்டைக்குச் சமானம். மெம்பர் போர்டு குமாஸ்தாவை அனுப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாராம். பாவாயி அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாராம். அவ்வளவுதான்... முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டாயிற்று.

"அவரை உக்கார வச்சுக்கிட்டு அவர் ரோட்டையே பாடினா எப்படி சார்?" என்றார் காசிம் பாய். "இன்னிக்கே திடலைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. ஜில்லா பூரா போர்டுத் திடல்தான். வேற எங்க போயி டெண்ட் போடுறது?"

அவர் பயம் வீண் பயமில்லை. ஓர் ஊரில் தெருவிளக்கைப் பாடினார்கள். அடுத்த ஊரில் திடல் கிடைக்கவில்லை. இன்னோர் ஊரில் தண்ணீர்க் குழாயைப் பாடினார்கள். அதற்கடுத்த ஊரிலும் கிடைக்கவில்லை. நொச்சிமேட்டிலும் விரட்டினால் கம்பெனி கலைந்துவிடும். மாரப்பன் தறிக்குழிக்குத் திரும்ப வேண்டியதுதான். காசிம் பாய் தம்பியின் கடையில் போய் ஊதுபத்தி கட்ட வேண்டியதுதான்.

அப்படியானால் ரோட்டுப் பாட்டை மட்டும் எடுத்துவிடலாமே என்று நான் சொன்னேன். வீரம் என் பிறவிக் குணமல்ல; நீங்கள் அறிவீர்கள்.

முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்த மாரப்பன் கண்ணாடியிலிருந்து திரும்பினார். "கல்யாணத்துக்குக் கூப்புட்டுப் போட்டு, மாப்பிள்ளை பேச்சை மட்டும் எடுக்காதீங்கன்னா எப்படிங்க?" என்றார். "ஊரு சனமெல்லாம் அதுக்குத்தானுங்க வந்திருக்குது."

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பாட்டு இருக்கும். ஆனால் மெம்பர் என்ற வார்த்தையோ போர்டு என்ற வார்த்தையோ வரவே வராது. 'மாப்பிள்ளை வீட்டார்' என்று மட்டும் சொல்லுவது. கல்யாணச் சபையில் கேட்கிற மாதிரி, மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்களா என்று மாரப்பன் மூன்று தடவை கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். உடனே பெண்ணைப் பெற்றவன் ஒப்பாரி வைப்பான். ஜனங்கள் சிரிப்பார்கள். யார் பெயரும் வராது; யாருக்கும் கோபமும் வராது. நல்ல ஏற்பாடுதானே?

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மெம்பர் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். பத்திரிகைக்காரர் பக்கத்தில் இருந்தால் கோபத்தை அடக்கிக்கொள்வார் என்பது காசிம் பாயின் கணக்கு. அடக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை... கேட்டிருக்க வேண்டும்.

டெண்ட் நிரம்பிவிட்டது. நடுவில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மெம்பர் வந்து உட்கார்ந்தார். நல்ல உயரம், வெள்ளை மீசை, ஜரிகைத் துண்டு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், அதே முதல் வரிசையில் பாவாயி அம்மாள். கல்யாணத்துக்கு வந்த மாதிரியே வந்திருந்தார். காதில் தோடு, கழுத்தில் சரடு, மடியில் வெற்றிலைப் பை. என்னை அறிமுகப்படுத்தியதும் மெம்பர், "எழுதறதுன்னா நல்லபடியா எழுதுங்க" என்றார். நல்லபடியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாட்டு ஓட்டுக் கார் பாட்டு. மெம்பர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கும்போது பக்கத்து ஆள் முழங்காலில் ஓங்கி அறைவது அவர் பழக்கம். பக்கத்து ஆள் நான். அடுத்தது மனுப் பாட்டு. ஒரு மனு மேஜை மேஜையாகப் போய், நரைத்துப்போய், பேரன் எடுத்துத் திரும்பி வருகிறது. மறுபடியும் என் முழங்காலில் அறை. பக்கத்துத் தாலுக்கா ஆசாமி ஒருவரைக் கேலி பண்ணியபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நெசமுங்க, நெசமுங்க, அவன் அப்படியேதானுங்க" என்று என்னிடம் சொன்னார்.

கவனித்திருக்கிறீர்களா? அடுத்த ஊர்க்காரனைப் பாடினால் அது கலை. நம்மைப் பாடினால் மட்டும் அது அவதூறாகிவிடுகிறது. கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

அப்புறம் திரை விலகியது. மணவறை. மீசையை முக்காட்டால் மூடிக்கொண்டு ஓர் ஆள் பெண்ணாக உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குத் தகப்பனாக மாரப்பன். காசிம் பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். ஹார்மோனியத்தை அழுத்தினார். கும்மி மெட்டு!

"வாரேன் வாரேன்னு சொன்னாரு மாப்பிள்ளே –
வந்தபாடில்லே, வைகாசி வந்திருச்சு!
சேலம் போனாரு, சென்னப் பட்டணம் போனாரு –
நம்மூரு வாரதுக்கு வழிதான் தெரியலே!"

டெண்ட் அதிர்ந்தது. ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்! ரோட்டுக்கே வழி தெரியவில்லை என்றால் அப்புறம் யாருக்குத் தெரியும்? பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு எஸ்டிமேட் என்று ஓர் அக்காள். சாங்ஷன் என்று ஓர் அத்தை. கமிட்டி என்று ஒரு மாமன் – வந்தார், சாப்பிட்டார், பந்தலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

"தாளுமேலே நடந்து வந்தாரு மாப்பிள்ளே –
தரையிலே கால்வைக்க வெக்கமாம், வெக்கமாம்!"

மெம்பர் கை என் முழங்காலில் இருந்தது. அறைவதற்காக வைத்த கை. இப்போது அது அறையவில்லை. பிடித்துக்கொண்டது. இறுக்கியது. இடுப்பு போனது ரோட்டில் என்றால், முழங்கால் போனது இங்கே. நான் அசையவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இப்போது சபை கேட்கிற கட்டம். வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில், தாம்பூலம் மாற்றும்போது பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்களா என்று சபையைக் கேட்பார். உடனே அந்த வீட்டார் ஒருவர் எழுந்து, வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் போனால் அந்தக் குடும்பத்துக்கே தலைக்குனிவு. பிறந்ததிலிருந்து பந்தல் பந்தலாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தால் கால் தானாக எழுந்துவிடும்.

மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தார். கையைக் கூப்பினார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஆராச்சும் சபையில இருக்கறீங்களா?"

பதில் இல்லை. ஜனங்கள் சிரித்தார்கள். எல்லாம் ஏற்பாட்டின்படி நடக்கிறது. இரண்டாம் தடவை கேட்டார். பதில் இல்லை. மெம்பரின் கை இன்னும் இறுகியது. அவர் மட்டும் கேள்வி புரியாதவர் மாதிரி டெண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் பாய் ஒப்பாரிக்குச் சுருதியை மாற்றிக்கொண்டார்.

மூன்றாம் தடவை.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஆராச்சும் இருக்கறீங்களா?"

"இருக்கறமுங்க!"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாவாயி அம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஹார்மோனியம் பாதிச் சுரத்தில் நின்றது. மணவறையில் இருந்த பெண்ணின் முக்காடு நழுவி மீசை தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மெம்பர் சம்சாரம் மாப்பிள்ளை வீட்டார் என்றால் மாப்பிள்ளைக்குப் பொறுப்பாளி யார் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக அத்தனை ஏற்பாடு பண்ணினார்களோ, அந்தப் பெயரை அந்த வீட்டு அம்மாளே எழுந்து நின்று சொல்லாமல் சொல்லிவிட்டார்!

கம்பெனி போயிற்று என்று நினைத்தேன். மெம்பர் அந்தம்மாளின் முந்தானையைப் பிடித்து உட்கார வைக்கலாம் என்றால் நடுவில் கயிறு. எழுந்து போகலாம் என்றால் வாங்கிய வெற்றிலை. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் மாரப்பன் கேலியாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நான் அந்த மனிதருக்குக் கும்பிடு போடுகிறேன். அவர் தலையிலிருந்த கோமாளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குரலும் மாறிவிட்டது. பெண்ணைப் பெற்ற நிஜத் தகப்பன் மாதிரி, பணிவாக, நிதானமாகக் கேட்டார்.

"சந்தோசமுங்க அம்மா. மாப்பிள்ளை எப்ப வாராருங்க?"

பாவாயி அம்மாள் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. கயிற்றுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தார்.

"ஏனுங்க, சபை கேக்குதுங்க. எந்திரிச்சுப் பதில் சொல்லுங்க."

என் முழங்காலிலிருந்து கை எடுபட்டது. மெம்பர் எழுந்தார். மெதுவாக எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். உதறப்போகிறார், திடலைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உதறவில்லை. மடித்து, சபைக்கு முன்னால் நிற்கிறவர் கட்டுகிற மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஊரையே ஒரு சுற்றுப் பார்த்தார். வண்டிக்காரர் இருந்தார், சந்தைக்குக் கடலை கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. காத்திருக்கிற பார்வை. போர்டு கூட்டத்தில் ஆயிரம் தடவை சமாளித்தவரால் இந்தச் சபையில் சமாளிக்க முடியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஆவணி மொத முகூர்த்தத்துல வந்திருவாருங்க" என்றார்.

மாரப்பன் விடவில்லை! நாடகத்துக்காக வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். தட்டு நாடகத் தட்டுத்தான். வெற்றிலை பாக்கு நிஜம். அதை மெம்பர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். மெம்பர் வெற்றிலையைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே... குலவை ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். பின்வரிசையில் சிலர் துண்டை மேலே எறிந்தார்கள். காசிம் பாய் ஒப்பாரியை மறந்துவிட்டுக் கல்யாண மங்களம் வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். சந்தோஷத்தில் நானும், அப்போதுதான் உட்கார்ந்த பக்கத்து ஆள் முழங்காலில் ஓங்கி அறைந்துவிட்டேன். பக்கத்து ஆள் மெம்பர்! அவர் கவனிக்கவில்லை; ஆண்டவன் காப்பாற்றினான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் சபையில் சொன்னது வேறு, திடல் வேறு அல்லவா? ஆட்டம் முடிந்ததும் மெம்பர் நேரே டெண்டுக்குப் பின்னால் வந்தார். காசிம் பாய் ஹார்மோனியத்தை மூடி, துணியும் சுற்றிவிட்டார். சொன்னால் உடனே புறப்படத் தயார்.

எத்தனை நாளைக்குத் திடல் கேட்டிருக்கிறீர்கள் என்று மெம்பர் கேட்டார். பத்து நாள் என்று பாய் சொன்னார். வேண்டாமென்றால் இன்றைக்கே காலி பண்ணிவிடுவதாகவும் தானாகவே சேர்த்துச் சொன்னார்.

"ஆவணி வரைக்கும் இருங்க" என்றார் மெம்பர். "கல்யாணம் பேசிப் போட்டு, பந்தலைப் பிரிச்சுட்டு ஆராச்சும் போவாங்களா?"

காசிம் பாய் அப்படியே ஹார்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மாரப்பன் சிரித்தார், பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அரிதாரம் கன்னத்தில் கோடாக வழிந்திருந்தது.

மெம்பர் போகவில்லை. நின்று யோசித்தார். மாரப்பனைக் கிட்டே கூப்பிட்டார். எல்லாம் சரி, ஆனால் அந்தக் கமிட்டி மாமன் தூங்குகிற இடம் போதாது என்றார். குறட்டை இன்னும் வேண்டுமாம். ரோட்டுக்காகச் சேலத்துக்கு நடையாய் நடந்து, அந்தக் குறட்டையை நேரில் கேட்டவர் அவராம்! எப்படி விட வேண்டும் என்று விட்டே காட்டினார். நாங்கள் மூவரும் கீழே உட்கார்ந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ரோடு வராத வருத்தம் ஊரைவிட அவருக்கு அதிகம் இருந்திருக்கும் போலிருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு மெட்டுக் கிடைக்கவில்லை, கோபம்தான் கிடைத்தது.

நம் ஜனங்களிடம் எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் திட்டுவதற்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து முகத்துக்கு நேரே கேலி பண்ண ஒரு மனசு வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் சொல்ல இன்னும் பெரிய மனசு வேண்டும். இரண்டும் நொச்சிமேட்டில் இருக்கின்றன. ரோடு மட்டும்தான் இல்லை.

கிளம்புகிறபோது பாவாயி அம்மாள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் போய், தெரியாமல்தான் எழுந்தீர்களா என்று மெல்லக் கேட்டேன். அவருக்குப் பிறந்த வீடு புதுச்சத்திரம் பக்கமாம். ஒவ்வொரு நோன்பு, பண்டிகைக்கும் அந்த ரோட்டில்தான் போக வேண்டுமாம்.

"கல்யாணத்துல கூப்புட்டாப் பதில் சொல்லோணுமில்லீங்களா சாமி?" என்றார். "எல்லாம் பழக்கதோசமுங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. வண்டி நகர்ந்தது. முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி மாரப்பனைக் கூப்பிட்டார். மாப்பிள்ளைக்குப் பாலம் என்று ஒரு தம்பி இருக்கிறானாம். அவனுக்கும் இப்போதே பெண் பார்த்து வைக்கச் சொன்னார்.

இவ்வளவுதான் நான் போன வாரம் வராத கதை. இடுப்பு கொஞ்சம் தேவலை. ஆவணியில் கல்யாணம். சபையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் வாசகர்கள் எல்லாரையும் நானே குடும்ப சகிதம் அழைக்கிறேன். மொய் வேண்டாம்... ஆளுக்கு ஒரு கூடை ஜல்லி போதும்.